நின்று நின்று ஓடிய அவுட்போர்டும் டேங்கில் கிடந்த தண்ணீரும்

15 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கத்தில் மாட்டும் இன்ஜின். இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்), கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. தனியாக 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், அதிலிருந்து இன்ஜினுக்கு ரப்பர் ஹோஸ், நடுவில் பெட்ரோலை இன்ஜின் பக்கம் தள்ளக் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப். பெட்ரோல் பாதையில் புகுந்திருந்த தண்ணீரை ஒருவழியாக முழுவதும் வெளியேற்றிவிட்டேன். இப்போது முழு திராட்டிலிலும் (ஆக்ஸிலரேட்டரை முழுவதும் ஏற்றினாலும்) விடாமல் ஓடுகிறது. வேலையைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வரிசைதான் முக்கியம். கார்புரேட்டரில் தொடங்கினால் அதே கோளாறு திரும்பத் திரும்ப வரும். டேங்கில் தொடங்கினால் அங்கேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கோளாறு இப்படித்தான் இருந்தது. கயிறு இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், ஸ்லோவில் சீராக ஓடும். திராட்டிலை ஏற்றினால் கொஞ்ச தூரம் சரியாகப் போகும். அப்புறம் திக்கும், வேகம் தானாக இறங்கும், நின்றுவிடும். பல்பை நாலைந்து அமுக்கு அமுக்கி மறுபடி கயிறு இழுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது தொந்தரவு குறைவு, அலையில் படகு ஆடும்போது அதிகம்.

அலைக்கும் இன்ஜினுக்கும் என்ன தொடர்பு என்பது டேங்கைப் பிரித்த பிறகு தெரிந்தது. உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயின் முனை டேங்கின் அடியைத் தொடுவதில்லை, சற்று மேலேயே நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ, ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அதனால் உள்ளே வந்த தண்ணீர் எல்லாம் குழாய் முனைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். படகு ஆடாதவரை இன்ஜினுக்கு நல்ல பெட்ரோல்தான் போகும். ஆட ஆரம்பித்தால் அடியில் கிடப்பது புரண்டு எழுந்து குழாய் வாய்க்குள் போய்விடும். ஸ்லோவில் ஓடி முழு வேகத்தில் நிற்கும் இன்ஜினுக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் ஆட்டத்தோடு சேர்ந்து கோளாறு கூடினால் டேங்கின் அடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான் முதலில் மாற்றியது ஸ்பார்க் பிளக். கழற்றிய பிளக்குகள் ஈரமாக இருந்தன, புதிது போட்டதும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதை. அடுத்து கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். அதன் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கிடந்ததால், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நம்பினேன். சுத்தம் செய்து மாட்டியபின் இன்னும் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் அலையில் மறுபடி நின்றது. கிண்ணத்தில் இருந்த தண்ணீர் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்றால், அந்த எங்கிருந்தோ இன்னும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கிருந்துதான் வேலை ஒழுங்காகத் தொடங்கியது.

டேங்கைப் படகிலிருந்து இறக்கித் திறந்தவெளியில், நிழலில், தரையில் வைத்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகுக்குள்ளேயே வேலை செய்தால் அது அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். பெட்ரோல் நிரப்பும்போதும் டேங்கைப் படகிலேயே வைத்துக்கொண்டு நிரப்பக்கூடாது, தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டலாம். நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான். இதில் எதையும் சுருக்கக்கூடாது.

டேங்கின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, எதிர்மூலை தாழ்வாக இருக்கும்படி சாய்த்து இரவு முழுக்க அசைக்காமல் விட்டேன். காலையில் கை சைஃபன் பம்பின் குழாயை அந்தத் தாழ்ந்த மூலைவரை இறக்கி, முதலில் வந்ததை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்தேன். கண்ணாடி என்பது முக்கியம். சில பிளாஸ்டிக் பெட்ரோலில் இளகிவிடும், தெர்மோகோல் கரைந்தே போகும். ஜாடியை அரைமணி நேரம் வைத்தபோது நடுவில் ஒரு கோடு விழுந்தது: மேலே மஞ்சள் சாயலுள்ள பெட்ரோல், கீழே விரல் கனத்துக்குத் தெளிவான இன்னொரு அடுக்கு. தண்ணீர்தானா என்று உறுதி செய்ய, தண்ணீரில் கரையும் கலர் பொடியைச் சிட்டிகையளவு போட்டேன். பொடி பெட்ரோலைச் சும்மா கடந்து போய் கீழ் அடுக்கில் மட்டும் நிறம் ஏற்றியது. குச்சியில் தடவி இறக்கும் தண்ணீர் காட்டும் பசையும் உண்டு, தண்ணீர் பட்ட உயரம்வரை நிறம் மாறும். ஜாடியும் கலர் பொடியும் அதே வேலையைச் செய்கின்றன, அளவும் கண்ணுக்குத் தெரிகிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் சாதாரண வெப்பநிலையில் அரை சதவீதம்வரை தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 24 லிட்டர் டேங்குக்கு அது ஏறத்தாழ 120 மில்லி. அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. அந்த எல்லை தாண்டினாலோ, இரவில் குளிர்ந்து தாங்கும் அளவு குறைந்தாலோ, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து ஒரே அடுக்காகக் கீழே இறங்கிவிடும். அப்போது ஜாடியின் அடியில் தெரிவது வெறும் தண்ணீர் இல்லை. மேலே நிற்கும் பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை, எத்தனால் போனதால் அதன் ஆக்டேன் (இன்ஜினில் தட்டாமல் எரியும் திறன்) குறைந்திருக்கும். மேலே உள்ளதை மட்டும் வடித்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். நான் பயன்படுத்தவில்லை. பிரிந்து போன பெட்ரோலுக்காக இன்ஜினைப் பணயம் வைப்பதில் லாபமில்லை.

தண்ணீர் நீக்கி என்று விற்கும் பாட்டில் திரவத்தையும் இதற்குமுன் ஊற்றிப் பார்த்திருந்தேன். அதில் பெரும்பாலும் இருப்பது ஆல்கஹால்தான். சில சொட்டுத் தண்ணீராக இருந்தால் பெட்ரோலோடு கலக்கவைத்து எரிந்து போகச் செய்யும். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் கிடக்கும்போது அதனால் பயனில்லை, இறைத்து எடுப்பதுதான் வழி.

டேங்கைக் காலி செய்தேன். அரை லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி எல்லா மூலைக்கும் போகும்படி குலுக்கி ஊற்றிவிட்டு, இன்னொரு அரை லிட்டரால் மறுபடி அலசினேன். இரண்டாவதாக வந்தது ஜாடியில் தெளிவாக நின்றது. உள்ளே பார்ப்பதற்கு டார்ச்சை வெளியிலிருந்து பிளாஸ்டிக் சுவரோடு ஒட்டிப் பிடித்தாலே போதும், வெளிச்சம் ஊடுருவித் தெரியும். விளக்கு எதையும் வாய் வழியாக உள்ளே விடக்கூடாது. உறிஞ்சு குழாயின் முனையில் இருந்த சல்லடையில் பழுப்பு நிறக் கொழகொழப்பு அப்பியிருந்தது. அதைப் பெட்ரோலில் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தேன்.

அடுத்தது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்ற கேள்வி. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். உலர்ந்த டேங்கின் வாய்க்கு நேர் கீழே மடித்த டிஷ்யூ காகிதத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு மூடியை இறுக்கினேன். மூடியில் உள்ள காற்று ஸ்க்ரூவையும் மூடிவிட்டு மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, தேங்கியபடியே சிறிது நேரம் விட்டேன். திறந்தால் காகிதத்தின் ஓரம் நனைந்திருந்தது. மூடிக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் கெட்டித்து ஒரு பக்கம் மயிரிழை போலக் கீறியிருந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கவே இல்லை.

இவ்வளவு சின்னக் கீறல் வழியாக அவ்வளவு தண்ணீர் போகுமா என்றால், போகும். வெயிலில் டேங்குக்குள் காற்றும் ஆவியும் விரிந்து வெளியே தள்ளும், மாலையில் குளிரும்போது சுருங்கி உள்ளே இழுக்கும். மழை பெய்து மூடியின் குழிவில் தண்ணீர் தேங்கியிருந்தால், டேங்க் காற்றுக்குப் பதில் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காற்று ஸ்க்ரூ திறந்தே கிடந்தால் கேஸ்கெட் நன்றாக இருந்தும் இதே கதைதான். ஓடும்போது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி இன்ஜின் நின்றுவிடும். நிறுத்தி வைக்கும்போது மூட வேண்டும். டேங்கின் உட்சுவரில் காற்றின் ஈரம் படிந்து வரும் தண்ணீரையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதுவும் உண்டு, ஆனால் அளவு மிகக் குறைவு. டம்ளர் கணக்கில் தண்ணீர் இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. புது கேஸ்கெட் போட்டு அதே காகிதச் சோதனையை மறுபடி செய்தேன், காகிதம் உலர்ந்தே இருந்தது. அளவு காட்டும் முள்ளின் கேஸ்கெட்டையும் கூடவே மாற்றினேன்.

ஹோஸ். உள்விட்டம் 9.5 மி.மீ., அதாவது 3/8 அங்குலம். முனையை இரண்டு அங்குலம் வெட்டி நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது உட்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது, விரலில் கறுப்பு மாவு ஒட்டியது. பழைய ரப்பரை எத்தனால் இப்படித்தான் அரிக்கும். கழுவுவதில் அர்த்தமில்லை என்று முழுவதையும் மாற்றினேன், எத்தனாலைத் தாங்கும் என்று மேலே அச்சிட்ட ஹோஸ். கிளாம்புகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினால் கசியாமல் இருந்தாலும் காற்றை உள்ளே இழுக்கும், காற்று இழுத்தாலும் இன்ஜின் தண்ணீர் வந்தது போலவே திக்கும். இரண்டு கோளாறையும் பிரித்தறிய ஒரு வழி: இன்ஜினுக்குச் சற்று முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் குழாயைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பார்ப்பது. குமிழி போனால் காற்று, அடியில் முத்தாக உருண்டு போனால் தண்ணீர். பார்த்து முடித்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும், நிரந்தரமாக ஓடுவதற்கு அது ஏற்றதல்ல. கனெக்டரின் ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றினேன். பல்பில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்தால் உள்ளே உள்ள வால்வுகள் சரியாக உட்கார்ந்து பல்ப் சீக்கிரம் கெட்டியாகிவிடும்.

டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்ட்டர் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன். 10 மைக்ரான், திருகி மாட்டும் வகை, அடியில் தெளிவான கிண்ணமும் வடிகால் குமிழும் உள்ளது. மாட்டும்போது ரப்பர் வளையத்தில் பெட்ரோலைத் தடவி, வளையம் தொட்டபிறகு முக்கால் சுற்று, கையாலேயே. செங்குத்தாக நிற்க வேண்டும், கீழே ஒரு பாட்டில் வைத்து வடிக்க இடம் இருக்க வேண்டும். நான் முதலில் பிடித்த இடத்தில் கிண்ணத்துக்குக் கீழே கை நுழையவில்லை. ஒரு சாண் உயர்த்தி மறுபடி துளை போட்டேன், பழைய துளைகளை எபாக்சியால் அடைத்தேன். மூடிய அறைக்குள் வைப்பதாக இருந்தால் தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பதில் உலோகக் கிண்ணம்தான் பாதுகாப்பு. இந்த ஃபில்ட்டர் தனியாக நிற்கும் தண்ணீரைப் பிடிக்குமே தவிர, எத்தனாலோடு கரைந்து போயிருப்பதைப் பிடிக்காது. அதனால் இது டேங்க் மூடிக்குப் பதில் ஆகாது.

இன்ஜின் மேல்மூடிக்குள் இன்னொரு சின்ன ஃபில்ட்டர் கப் இருக்கும். சில மாடல்களில் அதற்குள் ஒரு சிவப்பு வளையம் கிடக்கும், பெட்ரோலில் மூழ்கி தண்ணீரில் மிதக்கும்படி செய்தது. வளையம் எழும்பியிருந்தால் கப்பில் தண்ணீர் என்று அர்த்தம். இதைக் கழற்றிக் கழுவி, ஓ-ரிங் மாற்றி மாட்டினேன். பெட்ரோல் பம்பைப் பிரிக்கும் முன் அதன் அடுக்குகளின் மேல் மார்க்கரால் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன், திரும்பச் சேர்க்கும்போது கோடு ஒத்துப் போனால் போதும். உள்ளே உள்ள சவ்வு விறைத்திருந்தது, மாற்றினேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். கழற்றும் முன் இணைப்புக் கம்பிகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்தால் இங்கேயும் தண்ணீர். கிண்ணத்து ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தர அளவிலான தலை கொண்டவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, வழுக்கித் தலையை மொட்டையாக்கிவிடும். பொருத்தமான டிரைவர் வைத்து ஒரு தட்டு தட்டித் திருப்பினால் சுலபமாக வந்துவிடும்.

உள்ளே அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, பித்தளை ஜெட்டில் (பெட்ரோலை அளவாக விடும் நுண்துளைப் பாகம்) பச்சைக் களிம்பு. உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும், எனக்குப் பிறை போலத் தெரிந்தது. ஸ்லோவில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அதில் வெளிச்சமே வரவில்லை. ஊசியோ எஃகுக் கம்பியோ விடக்கூடாது, பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவைத்து, 0.25 மி.மீ. நைலான் தூண்டில் நரம்பை நுழைத்து எடுத்து, காற்றழுத்தம் கொடுத்தேன். எல்லாத் துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் காற்று அடிக்க வேண்டும். ஸ்லோவில் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, சேர்க்கும்போது அதே அளவுக்கு வெளியே எடுத்தேன். முட்டிய பிறகு இறுக்கினால் ஸ்க்ரூ முனை கெட்டுவிடும். ஸ்ப்ரேயை ரப்பர் பாகங்கள் மேல் அடிக்காமல் அவற்றை முதலிலேயே தனியே எடுத்து வைத்தேன். கிண்ணத்தில் உள்ள மிதவையோடு (ஃப்ளோட்) சேர்ந்து பெட்ரோலைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசியின் முனையில் தேய்ந்த வளையம் தெரிந்ததால் ஊசி, கேஸ்கெட் எல்லாம் செட்டாகப் புதிது. ஃப்ளோட்டின் உயரத்தை கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து வெர்னியர் அளவுகோலால் அளந்து, இன்ஜின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டேன்.

பல முறை நின்று நின்று ஓடிய இன்ஜின் என்பதால் ஆயில் குச்சியையும் பார்த்தேன். அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. ஆயிலையும் அதன் ஃபில்ட்டரையும் மாற்றினேன். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் தேயும், அது கார்புரேட்டர் வேலையைப் போல வீட்டில் முடியும் வேலை அல்ல.

சோதனை ஓட்டம் தண்ணீர் நிரப்பிய டிரம்மில். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகடு மூழ்கும்வரை தண்ணீர் வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் பீச்சுகிறதா என்று முதல் நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். வறண்டு ஓடினால் அந்தத் தண்ணீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் போய்விடும். பிறகு படகில் மாட்டி, பாதி திராட்டிலில் பத்து நிமிடம், முழு திராட்டிலில் பத்து நிமிடம், நடுவில் வேண்டுமென்றே படகை ஆட்டி ஆட்டி. ஒரு இடத்திலும் திக்கவில்லை. திரும்பி வந்து புது ஃபில்ட்டர் கிண்ணத்தை வடித்தபோது ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் இருந்தது, மடிப்புகளில் ஒளிந்திருந்த மிச்சமாக இருக்க வேண்டும். அடுத்து வடித்தபோது சில முத்துகள், அதற்கடுத்து ஒன்றுமில்லை.

செலவில் பெரும்பங்கு ஃபில்ட்டர் தலைக்கும் ஹோஸுக்கும் போனது, அடுத்து கார்புரேட்டர் செட். மூடி கேஸ்கெட் எல்லாவற்றையும்விட மலிவு. இனிமேல் இப்படி ஒரு இன்ஜின் திக்கினால் எந்த ஸ்க்ரூவையும் தொடும் முன், புதுப் பெட்ரோல் ஊற்றிய 5 லிட்டர் தனி டேங்கையும் தனி ஹோஸையும் மாட்டி ஓட்டிப் பார்ப்பேன். அதில் நன்றாக ஓடினால் கோளாறு படகின் டேங்கிலோ ஹோஸிலோ இருக்கிறது. அதிலும் திக்கினால் இன்ஜின் மூடியைத் திறக்கலாம். தண்ணீர் ஏற்கெனவே கார்புரேட்டர்வரை போயிருக்கலாம் என்பதால், அந்தச் சோதனைக்கு முன் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவை மட்டும் திறந்து வடித்துவிட வேண்டும். பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்ஷன் வகை இன்ஜினாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்துக்குப் பதில் ஆவி பிரிக்கும் சின்ன டேங்க் ஒன்று இருக்கும், அதற்கும் வடிகால் உண்டு. அந்தப் பாதையில் அழுத்தம் அதிகம் என்பதால் கையேடு சொல்லும் முறைப்படி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

வடித்த பெட்ரோலை மூடி போட்ட உலோக கேனில், எழுதி ஒட்டி, அபாயகரமான கழிவுகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தேன். தண்ணீரிலோ மண்ணிலோ ஊற்றும் பொருள் அல்ல அது.

இப்போது டேங்க் மழை படாத இடத்தில், மூடிக்கு மேல் கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் வாளியோடு இருக்கிறது. சில வாரங்கள் ஓட்டப் போவதில்லை என்றால் ஹோஸைக் கழற்றிவிட்டு, டிரம்மில் இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் வடித்து, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மேல்மூடியைப் போடுகிறேன்.